சுவிஸ் தம்பியின் பட்டியலும் தோட்டக் காணி 4 பரப்பும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர் ஆனைக்கோட்டை. 30 வருடமாகச் சுவிஸில் இருக்கும் என் தம்பி நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றான். ஒரு நாள் கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். சுவிஸில் வயது வந்த ஒருவருக்குச் சராசரியாக 6 இலட்சத்து 85 ஆயிரம் டொலர் சொத்து இருக்கிறதாம். எங்கள் நாட்டை அதில் தேடிப் பிடிக்கவே கனநேரம் சென்றது. "அண்ணை, காணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறதாலதான் இப்பிடி. காணி செத்த காசு. தோட்டத்தை வித்துப் பாங்கில போடுங்கோ" என்கிறான்.

என்னிடம் உள்ளவை: மனைவியின் சீதன வளவும் வீடும், 6 பரப்பு, 90 இலட்சம் பெறும் என்கிறார்கள். அப்பா வழி வந்த தோட்டக் காணி 4 பரப்பு. பரப்பு 6 இலட்சத்துக்குக் கேட்கிறார்கள், இப்போது வருடக் குத்தகை 30 ஆயிரம் வருகிறது. நிலையான வைப்பு 18 இலட்சம். மாதம் 62 ஆயிரம் பென்சன். மனைவியின் நகை 22 பவுண். எங்களோடு இருக்கும் மகனின் வாகன லீசிங்கில் 7 இலட்சம் மிச்சம், வட்டி 18 வீதம், கட்டுவது நான்தான். நாங்கள் உண்மையிலேயே அவ்வளவு ஏழைகளா? காணியை விற்கவா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தில் 18 வீதம் என்ற இடத்தில் பேனையால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தம்பியின் பட்டியலைப் பார்ப்போம்.

கிரெடிட் சுவிஸ் வங்கி 2010 முதல் வருடாவருடம் உலகச் செல்வ அறிக்கை ஒன்றை வெளியிட்டு வந்தது. 2023இல் அந்த வங்கியே ஆட்டம் கண்டு யூபிஎஸ் வங்கியின் கைக்குப் போய்விட்டது. ஊருலகத்துச் சொத்தையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவர் தன் வீட்டுக் கணக்கில் கோட்டை விட்ட கதை. அறிக்கையை இப்போது யூபிஎஸ் தொடர்கிறது. தம்பி காட்டிய எண் 2022 முடிவுக்கான கணக்கு, சரியான எண்தான். ஆனால் அதே அறிக்கையில் பக்கத்து நிரலில் இன்னொரு எண் இருக்கிறது. சுவிஸ்காரர் எல்லோரையும் சொத்து வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரிடம் எவ்வளவு இருக்கும் என்ற எண். அது ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் டொலர். சராசரியின் காற்பங்கு.

உங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர்கள் சாதாரண தரத்துக்கு இடை, இடையம், ஆகாரம் என்று படிப்பித்தது பக்கத்து வகுப்பில் நின்ற உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தம்பி காட்டியது இடை. பார்க்க வேண்டியது இடையம். உங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடு என்று வையுங்கள். எட்டு வீட்டில் ஆளுக்கு 40 இலட்சம். ஒன்பதாவது வீட்டுக்காரரிடம் 10 கோடி. இடையைக் கணித்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 1 கோடி 47 இலட்சம் வரும். அந்தத் தொகையோடு யாராவது அந்த ஒழுங்கையில் இருக்கிறார்களா? ஒருவரும் இல்லை. இடையம் 40 இலட்சம் என்று சொல்லும், ஒழுங்கையில் எந்தப் படலையைத் தட்டினாலும் அநேகமாக அதுதான் இருக்கும்.

அமெரிக்காவுக்கு இதைப் பாருங்கள். அதே 2022 கணக்கில் இடை 5 இலட்சத்து 51 ஆயிரம், இடையம் 1 இலட்சத்து 8 ஆயிரத்துக்குக் கிட்ட. ஐந்தில் ஒன்று. பெல்ஜியத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் இப்படிப் பெருமையாகக் கதைத்து நான் கேட்டதில்லை. இடையத்தில் அந்த வருடம் முதலிடம் அதற்குத்தான், கிட்டத்தட்ட 2 இலட்சத்து 50 ஆயிரம். நடுவில் நிற்கும் பெல்ஜியக்காரர், நடுவில் நிற்கும் சுவிஸ்காரரைவிட ஒன்றரை மடங்கு வசதியானவர். அடுத்த திருவிழாவுக்கு வரும்போது தம்பிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, எதை எண்ணுகிறார்கள் என்பது. இதில்தான் எங்கள் ஆட்களுக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. நாடுகளை ஒப்பிடும் பட்டியல்கள் இரண்டு சாதி. தம்பி காட்டியது வீடு, காணி, வங்கிக் காசு எல்லாவற்றையும் கூட்டிக் கடனைக் கழிப்பது. இன்னொரு சாதி நிதிச் சொத்தை மட்டும் எண்ணும்: வங்கி வைப்பு, பங்கு, பத்திரம், காப்புறுதி, ஓய்வூதிய நிதியில் சேர்ந்த காசு. அலியான்ஸ் காப்புறுதிக் கொம்பனி போடுவது இந்த வகை. அதில் வீடும் காணியும் வராது. நகை இரண்டு வகையிலுமே அநேகமாக வராது. அமெரிக்காவும் சுவிஸும் அதில் முன்னுக்கு நிற்பதற்கு அவர்கள் பணக்காரர் என்பது ஒரு காரணம். செல்வத்தைக் காகிதமாக வைத்திருக்கும் நாடுகள் என்பது இன்னொரு காரணம்.

சுவிஸில் பத்துக் குடும்பத்தில் ஏறத்தாழ ஆறு வாடகை வீட்டில் இருக்கிறது. ஐரோப்பாவில் சொந்த வீடு மிகக் குறைந்த நாடு அது. ஆனால் 1985 முதல் அங்கே வேலை செய்பவருக்கு இரண்டாம் தூண் என்ற தொழில்வழி ஓய்வூதிய நிதி கட்டாயம். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் மாதாமாதம் தொழிலாளியும் முதலாளியும் போட வேண்டும். உங்கள் தம்பிக்கு 30 வருடமாகச் சேர்ந்த அந்தக் காசு பட்டியலில் அவருடைய செல்வம் என்று ஏறும். அவர் நாளைக்கே போய் எடுத்து மச்சாளுக்குக் காப்பு வாங்க முடியாது. ஓய்வு பெற வேண்டும், அல்லது வீடு வாங்க, சொந்தத் தொழில் தொடங்க, நாட்டை விட்டே நிரந்தரமாக வெளிக்கிட என்று சில காரணங்கள் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் பென்சனுக்கு வருவோம். அரசு உங்களுக்கென்று ஒரு பெட்டியில் காசு சேர்த்து வைக்கவில்லை. அந்தந்த வருட வரியில் இருந்து தருகிறது. பெட்டி இல்லாததால் எந்தப் பட்டியலிலும் உங்கள் பென்சன் ஒரு சதமாகக்கூட ஏறாது. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 62 ஆயிரம் என்றால் வருடம் 7 இலட்சத்து 44 ஆயிரம். வங்கியில் 8 வீத வட்டிக்குப் போட்டு அவ்வளவு எடுக்க வேண்டுமென்றால் 93 இலட்சம் வைப்பு வேண்டும். பென்சனும் வைப்பும் ஒன்றல்லத்தான். வைப்பு என்றால் முதல் அப்படியே பிள்ளைக்குப் போகும், பென்சன் போகாது. ஆனாலும் உங்களுக்குப் பிறகு மனைவிக்கு ஓய்வூதியம் தொடரும். உங்கள் வளவையும் வீட்டையும்விடப் பெரிய ஒரு சொத்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. தம்பிக்கும் அங்கே அரச முதியோர் பென்சன் உண்டு. அதுவும் இதேபோலப் பட்டியலுக்கு வெளியேதான். உள்ளே போவது அந்த இரண்டாம் தூண் மட்டும்.

நாணய மாற்று விகிதத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. உங்கள் 18 இலட்சம் அப்போதும் வைப்பில் இருந்தது என்று வையுங்கள். மார்ச்சில் 9,000 டொலர், மே மாதத்தில் 5,000 டொலர். புத்தகத்தில் ஒரு சதம் குறையவில்லை. மறுபக்கம், 2015 ஜனவரி 15ஆம் திகதி சுவிஸ் மத்திய வங்கி, தன் நாணயமான பிராங்க் ஈரோவுக்கு எதிராக ஏறாமல் போட்டிருந்த வரம்பை எடுத்துவிட்டது. ஈரோவுக்கு எதிராகப் பிராங்க் ஒரே நாளில் 15 வீதத்துக்கும் மேல் ஏறியது. அலியான்ஸ் பட்டியல் ஈரோவில் வருவது. அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போன உங்கள் தம்பி, சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபடியே 15 வீதம் பணக்காரர் ஆகியிருப்பார். அவருக்கே தெரிந்திருக்காது.

இன்னொன்று: குடும்பச் சொத்துக் கணக்கை முறையாக எடுக்காத நாடுகளுக்கு, அந்த அறிக்கை வருமானம் முதலியவற்றை வைத்து மதிப்பிட்டுத்தான் எழுதும். அடியில் நிற்கும் நாடுகளின் எண்களில் பத்துக்கும் நூறுக்கும் சண்டை பிடித்துப் பயனில்லை.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. நீங்கள், மனைவி, மகன் மூன்று பேர் என்று எடுக்கிறேன். டொலர் 300 ரூபாய். நிதிச் சொத்து மட்டும் என்றால் 18 இலட்சத்தில் லீசிங் 7 போக 11 இலட்சம். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 1,222 டொலர். பரிதாபமான எண்தான். வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்தால் 1 கோடி 25 இலட்சம், ஆளுக்கு ஏறத்தாழ 13,900 டொலர். தம்பியின் அறிக்கையிலேயே உலகம் முழுவதற்குமான இடையம் 8,650 டொலருக்குக் கிட்ட. உலகத்தில் வயது வந்த எல்லோரையும் வரிசையில் விட்டால் நீங்கள் நடுவுக்கு முன்னால் நிற்கிறீர்கள், ஐயா. உங்களுக்குப் பின்னால் பாதி உலகத்துக்கும் மேல் நிற்கிறது. இதற்குள் 22 பவுணும் இல்லை, பென்சனும் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பார்த்தால் இன்னும் வேடிக்கை. எங்கள் ஆட்கள் சொத்து எவ்வளவு என்று கேட்க முதல் யார் வழி வந்தது என்று கேட்டவர்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகப் பிரித்து, ஒல்லாந்தர் காலத்தில் 1707இலேயே அது சட்டமாகிவிட்டது. வளவும் வீடும் சீதனம், அது மனைவியுடையது. வைப்பு, நீங்கள் இருவரும் சேர்ந்து தேடியது என்றால் தேடியதேட்டம், அதில் பாதியும் மனைவியுடையது. நகையைக் கேட்கவே வேண்டாம். பரம்பரையாக வந்த தோட்டம் மட்டும் உங்கள் முதுசம். ஆளுக்கு எவ்வளவு என்று உண்மையாகவே பிரித்தால் உங்கள் வீட்டுச் சுவிஸ்காரி உங்கள் மனைவிதான்.

இவ்வளவும் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் தம்பி இருக்கும் நாடு எங்களைவிடப் பல மடங்கு வசதியானதுதான். இரண்டு உலகப் போரிலும் சேராமல் விலகி நின்ற நாடு. ஒரு தலைமுறை சேர்த்ததை அடுத்த தலைமுறை இருந்த இடத்திலேயே எடுத்து மேலே கட்டியது. எங்களுக்கு அது வாய்க்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது நான் பதினைந்து வயதுப் பொடியன். அப்பா சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்த உறுதிக்கட்டை எடுத்துப் பொலித்தீன் பையில் இரண்டு தரம் சுற்றினார். வங்கிப் புத்தகத்தையும் அதற்குள் வைத்தார். அம்மா ஒன்றும் பேசாமல் காப்பு இரண்டையும் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்தார். மழை. செம்மணி வீதியில் சைக்கிளைத் தள்ளக்கூட இடமில்லை. சாவகச்சேரியில் மூன்றாம் கிழமை அரிசி வாங்கியது அம்மாவின் ஒரு காப்பை விற்று. காணி பெறுமதியோடு அங்கேயே கிடந்தது, நாங்கள்தான் அதில் இல்லை. வங்கிப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

நான் கணக்காளரானதற்கு அந்த இரவும் ஒரு காரணம் என்று அம்மா சொல்வார். அது எப்படியோ, பட்டியல்கள் எண்ணாத நகைதான் அன்றைக்கு எங்களிடம் இருந்த ஒரே புழங்கும் சொத்து. அதனால் அம்மணியின் 22 பவுணை விற்றுச் செய்யும் எந்த யோசனைக்கும் என்னிடம் வர வேண்டாம்.

இப்போது அந்த வட்டம் போட்ட இடம். 8 வீதத்துக்கு வங்கியில் 18 இலட்சம் போட்டுவைத்துவிட்டு, 7 இலட்சத்துக்கு 18 வீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 8 வீதத்திலும் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் பிடித்துவைப்பு வரி போகும், கையில் நிற்பது 7.2. உங்கள் வைப்பில் 7 இலட்சத்தை எடுத்து லீசிங்கை முடித்தால், வட்டி வித்தியாசம் மட்டுமே வருடத்துக்கு 75 ஆயிரம் வரை மிஞ்சும். தோட்டக் குத்தகையைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 18இல் 7ஐக் கழித்தாலும் 11, கடனையும் வைப்பையும் சேர்த்தே அழித்தாலும் 11. தம்பியின் பட்டியலில் உங்கள் இடம் ஒரு படி ஏறாது, ஒரு படி இறங்காது. வீட்டில் மட்டும் மாதம் ஐயாயிரத்துக்கும் மேல் மிச்சம் வரும்.

அவசரப்பட வேண்டாம். இடையில் முடித்தால் லீசிங் கொம்பனி எவ்வளவு அறவிடும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். போன வருடம் என்னிடம் வந்த ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்ன தொகை ஒன்று, கடதாசியில் வந்தது வேறு. வைப்பும் முதிர்வுத் திகதிக்கு முன் உடைத்தால் வட்டி குறையும். திகதி கிட்டத்தில் என்றால் பொறுத்துச் செய்யுங்கள். மிஞ்சும் 11 இலட்சம், எங்கள் நாட்டு வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு உறுதி தரும் உச்சத் தொகை. தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. கூடின வட்டி தருகிறோம் என்று யாராவது நிதிக் கொம்பனிக்காரர் படலைக்கு வந்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தைப் பற்றி. தம்பி சொன்னது முழுப் பிழை இல்லை. 24 இலட்சம் பெறும் காணிக்கு 30 ஆயிரம் குத்தகை என்றால் ஒன்றேகால் வீதம். வங்கியில் போட்டால் வரி போக 1 இலட்சத்து 72 ஆயிரம் வரும். காசாக மட்டும் பார்த்தால் காணி தூங்குகிறது. ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியதை மறக்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு முதல் 24 இலட்சத்தை வங்கியில் போட்டிருந்தால், அதன் வாங்கும் பலம் 14 இலட்சத்துக்கு வந்திருக்கும், வட்டி கொஞ்சம் ஈடு செய்திருக்கும். காணி அப்படிக் கரையவில்லை. பென்சன், வைப்பு இரண்டுமே ரூபாயில் இருக்கும் ஒருவர், ரூபாய் விழுந்தாலும் நிற்கக்கூடிய தன் ஒரே சொத்தையும் விற்று ரூபாயாக்குவதை நான் விரும்ப மாட்டேன். மகளுக்கு வீடு, மகனுக்குத் தொழில், வைத்தியச் செலவு என்று கையில் ஒரு தேவை வந்து நின்றால் அது வேறு கதை. அப்போது விற்பதில் வெட்கமும் இல்லை. பட்டியலில் நாடு கீழே நிற்கிறது என்பதற்காக விற்பது வேண்டாம். குத்தகையைக் கூட்டிக் கேளுங்கள், 4 பரப்புக்கு 30 ஆயிரம் எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. தண்ணீர் வசதியைப் பொறுத்தது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். "அப்பா வழி வந்த" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு நீங்கள் மட்டும்தானா பிள்ளை? தம்பியும் உண்டே. அப்பா உயிரோடு இருக்கும்போது உங்கள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதினாரா, அல்லது அவர் போனபிறகு அப்படியே உங்கள் கையில் இருக்கிறதா? உறுதியை எடுத்து, காணியின் எல்லைகள் எழுதியிருக்கும் அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். "பிரிபடாத பங்கு" என்று எங்காவது இருந்தால் தோட்டத்தில் தம்பிக்கும் பங்கு இருக்கக்கூடும். அப்படியென்றால் வெளியாளுக்கு விற்க முதல் பங்காளிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். தேசவழமைக் காணியில் பங்காளிக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு, 1947இல் அதற்கென்றே சட்டம் வந்தது. அதோடு நான் மேலே போட்ட 24 இலட்சத்தில் பாதி அவருடையதாகிவிடும், உங்கள் 13,900 டொலரும் ஏறத்தாழ 12,550 ஆகும். உறுதியை ஒரு நொத்தாரிசிடம் காட்டிய பிறகு எனக்கு எழுதுங்கள். லீசிங்கை அதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம், அதை இந்த மாதமே கேளுங்கள்.